பிள்ளையைப் பார்க்கப் போகிறோம், தாயைப் பார்க்கிறோமா?

(மட்டக்களப்பு வாவிக்கரையில் தென்னந்தோட்ட, மரமுந்திரிகைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில், சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியை ஆற்றிய உரை. மலைநாட்டுத் தோழர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)

தாய்மாரே, தோழர்களே, பின்வரிசையில் கைப்பிள்ளையோடு இருக்கும் தங்கச்சிமாரே!

பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம். அழட்டும். இன்றைய பேச்சே அந்தப் பிள்ளையைப் பெற்றவளைப் பற்றியதுதான். சம்பளக் கதை பேசுவார்கள் என்று வந்த ஆண்கள் சிலர், "இது பொம்பிளையள்ற விஷயம்" என்று கதிரையைப் பின்னுக்குத் தள்ளுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதுவும் சம்பளக் கதைதான். எப்படி என்று சொல்லி முடித்த பிறகு போகலாம்.

நான் பிறந்தது படுவான்கரை. படிப்பிப்பது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். ஒரு தவணையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று கிழமையாக வரவில்லை. வரவுப் பதிவேட்டில் வரிசையாகச் சுழியம். கெட்டிக்காரப் பிள்ளை. லயத்துக்குத் தேடிப் போனேன். அவள் அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு தம்பி. உள்ளே தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நாலாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம்.

"டீச்சர், அவ பள்ளிக்கூடம் போனா எனக்குக் கை ஓடாது" என்றாள் தாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். காலையில் ரொட்டியும் பிளேன் ரீயும். மத்தியானம்? பிள்ளைகளுக்குப் போட்டதில் மிச்சம் இருக்கவில்லை. நித்திரை? "குழந்தை தூங்குது டீச்சர், நான்தான் தூங்கல." அடுத்த கிழமை மலைக்கு வேலைக்குப் போகப் போவதாகவும் சொன்னாள். கடைக்கடன் இருக்கிறது.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். அது என்னுடையது. மேடையில் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

முதல் பிள்ளைக்கு நான் அம்மா வீட்டில்தான் இருந்தேன், படுவான்கரையில். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சரக்கு அரைத்துக் கறி, உள்ளி, நல்லெண்ணெய், பால்சுறாப் புட்டு, முருங்கையிலை. அம்மா ஒன்றும் குறை வைக்கவில்லை. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லாத நான் மூன்றாம் கிழமையும் அழுதுகொண்டிருந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளையைக் கையில் தந்தால் யாரோ ஒருவருடைய பிள்ளை மாதிரி இருந்தது. பின்னேரங்களில் வாவிப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. ஏன் பயம் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். நிறம் பார்த்தார்கள், மூக்கு யாருடையது என்று பார்த்தார்கள், சவர்க்காரப் பெட்டி தந்தார்கள். ஒருநாள் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார், நாங்கள் மிட்வைஃப் என்று கூப்பிடுபவர். பிள்ளையை நிறுத்தார், கொப்பியில் எழுதினார், கொப்பியை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை நல்லா இருக்கு. நீ எப்படிகா இருக்கிறாய்?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான். நான் ஒரு மணித்தியாலம் அழுதேன். அவர் என்னைக் கிளினிக்குக்கு அனுப்பினார், கிளினிக் வைத்தியரிடம் அனுப்பியது. இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்திக்குச் சோறும் இல்லை, ஓய்வும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. மற்றவளுக்குச் சோறு இருந்தது, கேட்க ஆள் இருக்கவில்லை. பெற்றவளுக்குச் சாப்பாடும் வேண்டும், ஓய்வும் வேண்டும், "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்கும் வாயும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை விட முடியாது. இதுதான் நான் சொல்ல வந்தது.

இது எத்தனை பேருக்கு வருகிறது?

"பணக்காரர் வீட்டு வருத்தம், எங்களுக்கு எங்கே இதற்கெல்லாம் நேரம்" என்று சொல்வார்கள். உண்மை தலைகீழ். பிள்ளை பெற்ற பெண்களில் உலகளவில் நூற்றுக்கு 13 பேருக்கு ஏதோ ஒரு மனநோய் வருகிறது, அதில் பெரும்பாலும் மனச்சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்களைப் போன்ற வறிய, வளர்ந்துவரும் நாடுகளில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 20. ஐந்து தாய்க்கு ஒரு தாய். இந்தக் கூட்டத்தில் இருக்கும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில், வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி என்ற கிராமப் பகுதியில் கர்ப்பிணிப் பெண்களைப் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2002 இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு அதிகம் வந்தது தெரியுமா? வருமானம் குறைந்தவளுக்கு. ஆண்பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண்பிள்ளை பெற்றவளுக்கு. மாமியாரோடும் பெற்றாரோடும் ஒத்துப் போகாதவளுக்கு. கர்ப்பகாலத்தில் வீட்டில் ஏதோ கெட்டது நடந்தவளுக்கு. வீட்டு வேலைக்குக் கை கொடுக்க ஆள் இல்லாதவளுக்கு.

இந்தப் பட்டியலில் தலையெழுத்து என்று எங்காவது இருக்கிறதா? காசு, வேலை, உதவி, மரியாதை. ஒரு தொழிற்சங்கம் பேச வேண்டிய விஷயங்கள்தான் எல்லாம்.

எது சாதாரணம், எது வருத்தம்?

பிள்ளை பிறந்து மூன்றாம், நாலாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும். கோபம் வரும். பெற்றவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வரும், இரண்டு கிழமைக்குள் தானாகப் போய்விடும். பயப்பட வேண்டாம், பக்கத்தில் இருங்கள், அது போதும்.

இரண்டு கிழமை தாண்டியும் போகவில்லை என்றால் அது வேறு. எந்த நேரமும் கவலை, எதிலும் விருப்பமில்லை, சாப்பாடு இறங்காது, பிள்ளை நித்திரை கொள்ளும்போதும் தாய்க்கு நித்திரை வராது, "நான் நல்ல தாய் இல்லை" என்ற நினைப்பு, பிள்ளையோடு ஒட்டாத மனம், செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம். இது மனச்சோர்வு. சோம்பலோ திமிரோ அல்ல. நீரிழிவு மாதிரி, இரத்தக் கொதிப்பு மாதிரி, வைத்தியம் உள்ள வருத்தம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அரிது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் திடீரென்று வரும். நாள்கணக்கில் நித்திரையே இல்லை, பொருத்தமில்லாத பேச்சு, இல்லாத குரல் கேட்கும், பிள்ளையைப் பற்றி விபரீதமான சந்தேகம். எங்கள் கிழவிமார் சன்னி என்பார்கள், இன்னும் சிலர் பேய் என்பார்கள். நூல் கட்டுகிறவர்களோடு நான் சண்டை பிடிக்க வரவில்லை. நூலைக் கட்டிக்கொண்டாவது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாயையும் பிள்ளையையும் தனியே விட வேண்டாம். வாகனம் இல்லை என்றால் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது மானக்கேடு இல்லை.

கேட்பது எப்படி?

ஸ்கொட்லாந்தில் 1987 இல் ஜோன் கொக்ஸ் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். எடின்பரோ அளவுகோல் என்பார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தாயா, அழுதாயா, உன்னையே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்ற மாதிரியான கேள்விகள். தமிழிலும் இருக்கிறது, வேலூரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் கிளினிக்குகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். உங்களிடம் கேட்டால் "எல்லாம் நல்லம் மிஸ்" என்று ஒரே கோட்டில் அடையாளம் போட்டுவிட்டு வர வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள். பக்கத்தில் மாமி நின்றால் தனியே பேச வேண்டும் என்று மிட்வைஃபிடம் கேளுங்கள்.

மிட்வைஃப் பிரசவத்துக்குப் பிறகு முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவையும், 14 க்கும் 21 க்கும் இடைப்பட்ட நாளில் ஒரு தடவையும், 42 ஆம் நாளளவில் ஒரு தடவையும் வீட்டுக்கு வர வேண்டும். அது உங்கள் உரிமை. வாவியின் இந்தப் பக்கத்துக்கு வருவது லேசில்லை என்பதும் எனக்குத் தெரியும். மண்முனைப் பாலம் 2014 இல் வந்த பிறகு பாடு குறைந்தது. அதற்கு முன் பாதையில் ஏறித்தான் எல்லாரும் வந்தார்கள், காற்றடித்தால் பாதை ஓடாது. இன்றும் உள்ளூர்த் தோட்டங்களுக்கு மணல் ரோட்டில் தனியே வருகிற பெண் அவர். வராவிட்டால் ஏசாமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சங்கக் கடிதம் எழுதிக் கேட்போம்.

பேசுவதால் வருத்தம் மாறுமா என்று ஒரு அண்ணன் கேட்டார். மாறும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் 903 தாய்மாரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2008 இல் வெளிவந்தது. வைத்தியர்கள் இல்லை, பள்ளிக்கூடம் முடித்த, எங்கள் மிட்வைஃப் போன்ற கிராமத்துச் சுகாதாரப் பெண்கள்தான் பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போய் முறையாகப் பேசினார்கள். தாயின் உடம்பு, பிள்ளையோடு அவள் உறவு, சுற்றியிருப்பவர்களின் உதவி, இந்த மூன்றையும் பற்றி. ஆறு மாதத்தில் அப்படிப் பேசிய தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்த பக்கத்தில் நூற்றுக்கு 53 பேருக்கு இருந்தது. சிலருக்கு மாத்திரையும் வேண்டிவரும். பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, வைத்தியர் பார்த்துத் தருவார். நீங்களாக நிறுத்தக் கூடாது.

சாப்பாடு

இனி அடுப்படிக்கு வருவோம். பால் கொடுக்கும் தாய்க்கு வழமையை விட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூட வேண்டும். எளிய கணக்கில் இன்னொரு நேரச் சாப்பாடு. எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? புருஷன், பிள்ளைகள், மாமா, மாமி எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுபவள் அவள்தான். பிரசவத்தில் இரத்தம் போயிருக்கிறது. இரத்தம் குறைந்தால் களைப்பு, தலைச்சுற்று, எரிச்சல். அந்தக் களைப்பு மனதையும் இழுத்துக்கொண்டு போகும்.

பத்தியத்தை விடச் சொல்லவில்லை. பத்தியத்தில் நல்லது நிறைய இருக்கிறது. முருங்கையிலை, மீன், உள்ளி, எள், உளுந்துக் களி எல்லாம் நல்ல சாப்பாடு. அதைவிட, பெற்றவளை எழுப்பாமல் ஒரு மாதம் பார்க்க வேண்டும் என்ற புத்தி அதற்குள் இருக்கிறது. ஆனால் தண்ணீரைக் குறை, கீரை குளிர், பழம் ஆகாது என்று அடுக்கிக்கொண்டு போகிறோமே, அதை விடுங்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும், தண்ணீர் கொடுங்கள். பப்பாளிப்பழமும் கீரையும் கொடுங்கள்.

காசு இல்லை என்பீர்கள். வாவியில் பிடிபடும் சின்ன மீனும் நெத்தலியும், வேலி முருங்கையும், பொன்னாங்காணியும், பயறும், குரக்கனும், கச்சானும் பெரிய விலை இல்லை. முட்டை ஒன்று வீட்டில் இருந்தால் அந்தக் கிழமை அது தாய்க்கு. மலைநாட்டு வீடுகளில் கோதுமை ரொட்டியும் தேநீருமே சாப்பாடாகிவிட்டது. ரொட்டிக்குள் ஒரு பிடி முருங்கையிலையும், பக்கத்தில் பருப்பும் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

தேயிலை பறிக்கும் எங்களுக்கு இது முக்கியம்: சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம், கல்சியம் மாத்திரையோடு சேர்த்தும் விழுங்க வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நன்றாகச் சேரும்.

திரிபோஷா பற்றி ஒரு கணக்கு. 1973 இலிருந்து இந்த நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கொடுக்கிறார்கள். சோளனும் சோயாவும் பால்மாவும் கலந்தது. ஒரு பக்கற் 750 கிராம், தாய்க்கு மாதம் இரண்டு பக்கற். நாளுக்கு 50 கிராம் வருகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் எல்லாருக்கும் உருண்டை பிடித்தால் தாய்க்கு 10 கிராம். பிள்ளைகள் கேட்டால் தாய் கொடுக்காமல் இருப்பாளா? அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போதாது என்பதுதான் அதன் அர்த்தம். அதுதான் இது சம்பளக் கதை என்றேன். 2021 இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், சோளன் விளைச்சல் விழுந்தது, 2022 இல் திரிபோஷா கிடைக்காமல் போனது. கொழும்பில் எடுக்கும் ஒரு முடிவு ஒரு தாயின் கோப்பை வரை வருகிறது.

கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு 2015 இல் மாதம் 2,000 ரூபாயாக, 10 மாதத்துக்கு 20,000 ரூபாய் என்று தொடங்கியது. தொகை பின்னர் மாறியிருக்கிறது. நேரத்தோடு கிளினிக்கில் பதிந்தவளுக்குத்தான் அது முழுதாகக் கிடைக்கும். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் பதியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கும் உரியது. சம்பளத்தோடு 12 கிழமை லீவு: பிரசவத்துக்கு முன் இரண்டு, பின் பத்து. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து லீவு பாதியாக இருந்தது. 2018 திருத்தத்தோடு அந்த வேறுபாடு போய்விட்டது. நாலாவது பிள்ளைக்கும் 84 நாள்தான். பிரசவமாகி நாலு கிழமைக்குள் ஒரு பெண்ணைத் தெரிந்துகொண்டே வேலைக்கு எடுப்பது குற்றம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை: பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அதற்காக அரைப்பேர் போடுவது சட்டவிரோதம்.

நான் முதலில் சொன்ன அந்தத் தாய்க்கு இது தெரியாது. நாலாவது பிள்ளைக்கு லீவு குறைவு என்றே யாரோ சொல்லியிருந்தார்கள்.

இங்கே உங்கள் சிக்கல் வேறு. இந்தச் சட்டத்தில் காசு கிடைக்க, அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாள் அதே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். தேங்காய் உரிக்கவும் மரமுந்திரிகை பொறுக்கவும் நாட்கூலிக்குப் போகிறவளுடைய பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை என்றால், 150 நாளை எப்படி நிரூபிப்பாள்? ஆகவே இன்றிலிருந்து வேலை செய்த நாளை, இடத்தை, கூலியை ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். தோட்டத்தில் பெயர் பதியச் சொல்லிக் கேட்பது சங்கத்தின் வேலை. மறுத்தால் தொழில் திணைக்களத்துக்கு நாங்கள் கூட வருவோம்.

நாம் செய்யக்கூடியது

ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பெண்கள் பொறுப்பெடுங்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு, துடக்குக் கழிய 31 வரை பார்த்திராமல், இரண்டாம் கிழமையிலேயே ஒருமுறை போங்கள். ஆறாம் கிழமை இன்னொருமுறை. சவர்க்காரப் பெட்டிக்குப் பதிலாக ஒரு கட்டு முருங்கையிலை, நாலு முட்டை. மூன்று கேள்வி: சாப்பிட்டியா? நித்திரை கொள்றியா? மனம் எப்படி? பதிலைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் பெத்ததுதானே" என்று சொல்லாதீர்கள். சும்மா கேளுங்கள். தேவை என்றால் மிட்வைஃபிடம் கூட்டிப் போங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கான 1938.

தம்பிமாரே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. இரவில் பால் குடித்த பிள்ளையை வாங்கி, ஏவறை எடுத்து, தோளில் போட்டு நித்திரையாக்குங்கள். அந்த இரண்டு மணித்தியால நித்திரை அவளுக்கு மருந்து. தண்ணீர் அள்ளுங்கள். கள்ளுக்குப் போகும் காசில் ஒரு பகுதி முட்டைக்குப் போகட்டும். பெண்பிள்ளை பிறந்தால் முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். அந்த முகத்தை அவள் மறக்க மாட்டாள்.

அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பக்கத்து லயத்து அக்கா இருவர் முறை வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். சங்கம் பேசி லீவுக் காசு கிடைத்தது. தாய் கிளினிக்குக்குப் போனாள், இன்னும் போகிறாள். நல்ல நாளும் இருக்கிறது, கெட்ட நாளும் இருக்கிறது. பிள்ளை அடுத்த மாதம் பள்ளிக்கூடம் வந்தாள். தவறவிட்ட கணக்குப் பாடங்களை இடைவேளையில் இருந்து செய்தோம்.

ஒரு தாய் விழுந்தால் முதலில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது அவளுடைய மூத்த மகள். அடுத்த தலைமுறைத் தொழிலாளப் பெண்ணும் அங்கேதான் உருவாகிறாள், படிப்பில்லாமல், உரிமை தெரியாமல். அதைத் தடுக்க ஒரு கட்டு முருங்கையிலையும் ஒரு கேள்வியும் தொடக்கம்.

கூட்டம் முடிந்ததும் ஒரு கொப்பியோடு வாசலில் இருப்பேன். பொறுப்பெடுக்கும் இரண்டு பேரின் பெயர் ஒவ்வொரு கிளையிலிருந்தும் வேண்டும். தந்துவிட்டுப் போங்கள்.